குறி தப்பும் பந்து: கோல்ஃப் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: "அடி விழுகிறது, தூரமும் போகிறது, ஆனால் நினைத்த இடத்துக்குப் போக மறுக்கிறது." பதில்கள் வலக்கை ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கேள்வி: டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) எடுத்தாலே பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளைந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட இடப்பக்கம் திரும்பி நின்று அடித்தால் வளைவு இன்னும் கூடுகிறது. என்னதான் செய்வது?

பதில்: முதலில் இடப்பக்கம் திரும்பி நிற்பதை நிறுத்துங்கள். மருந்தென்று நினைத்து நீங்கள் சாப்பிடுவதுதான் நோயை வளர்க்கிறது.

கிளப்பின், அதாவது மட்டையின், அடிக்கும் பரப்பான முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் பந்தின் தலையெழுத்து எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவை இரண்டு. அந்தக் கணத்தில் கிளப் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒன்று. கிளப்பின் தலை எந்தத் திசையில் பயணம் செய்கிறது என்பது மற்றொன்று. முதலாவதை 'முகம்' என்றும் இரண்டாவதைப் 'பாதை' என்றும் சொல்வோம்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெருமளவு முகமே முடிவு செய்கிறது. டிரைவரில் அதன் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம் அல்லது அதற்கும் மேல். டிரைவரைவிடக் குறைந்த தூரத்துக்கான, முகம் அதிகம் சாய்ந்த அயர்னில் சற்றுக் குறைவு. கிளம்பிய பந்து எந்தப் பக்கம் வளையும் என்பது, பாதையோடு ஒப்பிட்டால் முகம் எங்கே பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும்; இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம். பழைய பயிற்சியாளர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிவந்தார்கள்: பாதைதான் பந்தைக் கிளப்புகிறது, முகம் வளைக்கிறது என்று. ராடார் கருவிகள் வந்து அளந்து காட்டிய பிறகும் அந்தப் பாடம் பயிற்சி மைதானங்களை விட்டுப் போகவில்லை.

இப்போது உங்கள் பந்தைப் பாருங்கள். நேராகக் கிளம்புகிறது; ஆகவே முகம் கிட்டத்தட்ட இலக்கைத்தான் பார்க்கிறது. பிறகு வலப்பக்கம் வளைகிறது. ஆகவே பாதை இடப்பக்கம் போகிறது. கிளப் இலக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்து உங்கள் பக்கமாக உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. இந்த நிலையில் நீங்கள் இடப்பக்கம் திரும்பி நின்றால் தோளும் கூடவே திரும்பும், பாதை இன்னும் இடப்பக்கம் போகும். கண்ணோ இலக்கின் மேலேயே இருப்பதால் கை தானாகவே முகத்தை இலக்குக்குத் திருப்பி வைக்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது.

செய்ய வேண்டியவை. பந்தை இடது குதிகாலின் உட்புறத்துக்கு நேராக வையுங்கள். இடது பாதத்தைத் தாண்டி இலக்குப் பக்கம் போகக்கூடாது. கிளப் ஒரு வில்லில் சுழல்வதால், பந்து முன்னால் போகப் போக அதை அடையும்போது கிளப் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். அடுத்தது ஒரு தடை. டிரைவரின் தலையுறையை, பந்துக்கு 30 செ.மீ. பின்னால், உங்களிடமிருந்து விலகிய பக்கத்தில், பந்தின் விளிம்பிலிருந்து நான்கு விரல் அகலம் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் கிளப் அதில் இடிக்கும். பாதி வேகத்தில் 20 பந்து அடியுங்கள். உறை அசையாமல் இருப்பதுதான் தேர்ச்சி, பந்து எங்கே போனது என்பதல்ல.

சில நாளில் வளைவு குறைந்து, பந்து வளையாமல் அப்படியே வலப்பக்கம் போகத் தொடங்கலாம். பயப்பட வேண்டாம். பாதை திருந்திவிட்டது; இனி முகத்தைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. கிளம்பும் திசையில் ஒரு பாகை பிசகினால் 200 மீட்டரில் மூன்றரை மீட்டர் விலகும். ஐந்து பாகை என்றால் பதினேழு மீட்டருக்கு மேல். ஃபேர்வே (பந்து விழ வேண்டிய, புல் வெட்டிய பாதை) பெரும்பாலும் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

கேள்வி: 9-ஆம் எண் அயர்ன் நேராகப் போகிறது. டிரைவர் மட்டும் ஏன் வம்பு செய்கிறது? ஸ்விங், அதாவது கிளப்பை வீசும் விதம், ஒன்றுதானே?

பதில்: ஸ்விங் ஒன்றுதான், குற்றமும் ஒன்றுதான். அயர்ன் அதை மறைக்கிறது. முகத்தின் சாய்வு அதிகமாக இருந்தால் பந்து பின்னோக்கி வேகமாகச் சுழலும். அந்தப் பின்சுழற்சி பலமாக இருக்கும்போது, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள அதே மூன்று பாகை வித்தியாசத்தால் சுழலச்சைக் கொஞ்சம்தான் சாய்க்க முடிகிறது. டிரைவரில் பின்சுழற்சி குறைவு. அச்சு நன்றாகவே சாய்ந்துவிடுகிறது. தூரமும் அதிகம் என்பதால் வளைய நேரமும் கிடைக்கிறது. ஆகவே, அயர்ன் நேராகப் போவதை வைத்து உங்கள் ஸ்விங்குக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். முகச்சாய்வு குறைந்த 5-ஆம் எண் அயர்னில் பத்துப் பந்து அடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: பாதையும் முகமும் சரி என்று பயிற்சியாளர் சொல்கிறார். ஆனாலும் ஐந்தில் இரண்டு டிரைவ் வலப்பக்கம் வளைகிறது.

பதில்: முகத்தின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்று பார்த்தீர்களா? டிரைவர் தலையின் எடைமையம் முகத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கிறது. அதனால் மையம் தவறிப் பட்டால் தலை சற்றே திருகிக்கொள்ளும். பந்து, ஒன்றோடொன்று பொருந்திய பற்சக்கரம் மாதிரி, எதிர்ப்பக்கம் சுழலும். தண்டை ஒட்டிய ஹீல் பக்கம் பட்டால் வலப்பக்க வளைவு. வெளிநுனியான டோ பக்கம் பட்டால் இடப்பக்க வளைவு. டிரைவரின் முகம் தட்டையாக இல்லாமல் சற்றுப் புடைத்திருப்பது இந்த வளைவை ஈடுகட்டத்தான். முழுக்க ஈடுகட்டாது.

கண்டுபிடிக்க ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தின் பின்புறத்தில், முகம் தொடும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வைத்து அடியுங்கள். புள்ளி முகத்தில் பதியும். துடைத்துவிட்டு அடுத்தது. பவுடர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு; அதில் தடம் பளிச்சென்று தெரியும், ஆனால் பவுடர் உராய்வை மாற்றிவிடுவதால் அந்தப் பந்தின் வளைவை நம்பக்கூடாது. எந்த முறையானாலும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஆட்டத்தில் முகத்தில் எதையாவது பூசி அடிப்பது விதிமீறல்.

பத்தில் ஆறு புள்ளிகள் ஹீல் பக்கம் விழுந்தால், பெரும்பாலும் கீழிறங்கும்போது உடம்பு கால்விரல்கள் பக்கம் சாய்கிறது. பந்தைத் தாங்கும் சிறு குச்சியான டீ ஒன்றைப் பந்துக்கு வெளியே, கிளப் டோவுக்கு ஒரு விரல் இடம்விட்டும், இன்னொன்றைப் பந்துக்கு உள்ளே, ஹீலுக்கு ஒரு விரல் இடம்விட்டும் குத்தி, நடுவிலே கிளப்பை ஓட்டுங்கள். முதலில் பந்து இல்லாமல். எந்த டீ பறக்கிறது என்பதே பதில். எங்கள் அபிப்பிராயத்தில், ஸ்லைஸ் எனப்படும் இந்த வலப்பக்க வளைவுக்காகப் புது டிரைவர் வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு இந்த இரண்டு டீ போதுமாயிருந்திருக்கும்.

கேள்வி: பந்து வலப்பக்கமே கிளம்பி வலப்பக்கமே வளைகிறது. கிரிப்பை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: வலப்பக்கம் கிளம்புவது முகம் திறந்து, அதாவது இலக்குக்கு வலப்பக்கம் பார்த்து, வருவதால். முகத்துக்கு முதல் காரணம் கிளப்பைப் பிடிக்கும் விதம். மாற்றியும் பலனில்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் தவற்றை நீங்களும் செய்திருப்பீர்கள்: கையைத் திருப்பும்போது கிளப்பையும் சேர்த்துத் திருப்பிவிடுவது. கை புதிய இடத்துக்குப் போனதுபோல் தெரியும். முகத்துக்கும் கைக்கும் உள்ள உறவு பழையபடியே இருக்கும்.

ஆகவே முதலில் கிளப்பைத் தரையில் வைத்து, முகத்தின் அடிக்கோட்டை இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். வலக்கையால் தண்டைப் பிடித்து அது திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இடக்கை. கிளப்பின் கைப்பிடியான கிரிப், சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாக ஓட வேண்டும். உள்ளங்கையின் குறுக்கே அல்ல. கையை மூடும்போது உள்ளங்கையின் அடிமேடு கிரிப்பின் மேல் உட்காரும். குனிந்து பார்த்தால் இரண்டு அல்லது இரண்டரை விரல்முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் முகம் திறந்து வரும். நான்கும் தெரிந்தால் மூடிக்கொண்டு வந்து ஹூக் ஆகும், அதாவது பந்து இடப்பக்கம் வளையும்.

வலக்கையை வைக்கும்போது அதன் ஆயுள்ரேகை இடது கட்டைவிரலின் மேல் படியட்டும். இரு கைகளிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும் அல்லவா, அந்த மடிப்பு வலது காதுக்கும் வலது தோளுக்கும் நடுவே எங்காவது காட்ட வேண்டும். இறுக்கம், முன்கைத் தசை புடைக்காத அளவு. அழுத்தம் இடக்கையின் கடைசி மூன்று விரல்களில்.

உங்கள் கையுறையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையின் அடிமேட்டில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், கிரிப் விரல்களில் இல்லாமல் உள்ளங்கையில் கிடந்து ஒவ்வோர் அடியிலும் நழுவுகிறது என்று பொருள். கிரிப்பின் ரப்பர் பளபளவென்று வழுக்கினாலும் இதே கதைதான். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவிப் பாருங்கள்; அப்படியும் வழுக்கினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

புதுப் பிடி இரண்டு வாரத்துக்கு அடுத்தவர் கை மாதிரி இருக்கும். பந்து அடிக்காமல், உட்கார்ந்திருக்கும்போது தினமும் ஐந்து நிமிடம் பிடித்து விடுவித்துப் பழகுவது மைதானத்தில் 100 பந்து அடிப்பதைவிடப் பலன் தரும்.

கேள்வி: நேராகத்தான் நிற்கிறேன் என்று நினைக்கிறேன். பின்னால் நிற்பவர் "வலப்பக்கம் பார்க்கிறாய்" என்கிறார்.

பதில்: அவர் சொல்வதை நம்புங்கள். பந்துக்குப் பக்கவாட்டில் நின்று தலையைத் திருப்பி இலக்கைப் பார்க்கும் கண், கோணத்தைச் சரியாகச் சொல்லாது.

பலர் பாதக் கோட்டைக் குழியில் நட்ட கொடிக்கே குறிவைக்கிறார்கள். பந்துதான் கொடிக்குப் போக வேண்டும். பாதங்கள் அந்தக் கோட்டுக்கு இணையாக நின்றால் போதும். பந்துக்கும் கால்விரல்களுக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், பாதக் கோடு எவ்வளவு தூரம் போனாலும் கொடிக்கு 60 செ.மீ. இடப்பக்கமாகவே போகும். இரண்டு கோடுகளும் எங்கும் சந்திக்கக்கூடாது.

வரிசை இப்படி இருக்கட்டும். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். அந்தக் கோட்டின் மேல், பந்துக்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் ஏதாவது அடையாளம் தேடுங்கள்: காய்ந்த இலை, உடைந்த டீ, பழைய அடியில் பெயர்ந்த புல். அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் ஒவ்வோர் அடிக்கும் இப்படித்தான் செய்தார். பிறகு பக்கவாட்டில் வந்து முதலில் கிளப் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேராக வையுங்கள். அதன்பின் பாதம், இடுப்பு, தோள். பாதத்தை முதலில் ஊன்றிவிட்டு முகத்தைப் பொருத்த முயல்வதில்தான் எல்லாம் கெடுகிறது.

தோளைத் தனியாகச் சரிபாருங்கள். வலக்கை கிரிப்பில் கீழே இருப்பதால் வலது தோளை முன்னால் இழுக்கும். பாதம் சரியாக இருந்தும் தோள் இடப்பக்கம் திறந்து நிற்கும். மார்புக்குக் குறுக்கே ஒரு கிளப்பைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: "இடது கையை மடக்காதே, தலையைத் தூக்காதே." இவை இரண்டும் கட்டாயமா?

பதில்: அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் டிரைவ் துல்லியத்தில் முதலிடம் பிடித்தவர் கால்வின் பீட். சிறுவயதில் முழங்கை உடைந்ததால் அவருடைய இடது கை முழுதாக நீளவே நீளாது. தலை விஷயத்துக்கு ஸ்வீடன் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாமைப் பாருங்கள்: பந்தில் கிளப் படும்போதே அவர் முகம் இலக்குப் பக்கம் திரும்பிவிடும். மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் பத்துப் பட்டங்கள் வென்றவர்.

பந்தின் தலையில் பட்டு அது தரையோடு உருளும்போது "தலையைத் தூக்கிவிட்டாய்" என்று உடனே தீர்ப்பு வரும். பெரும்பாலும் தூக்குவது தலை அல்ல. கீழிறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வந்து, முதுகு நிமிர்ந்து, கூடவே தலையும் மேலே போகிறது. தலையை வலுக்கட்டாயமாகக் கீழே அமுக்கினால் உடம்பு சுழல்வது நின்று வேறு வம்பு வரும்.

கேள்வி: ரப்பர் விரிப்பில் அயர்ன் அருமையாக விழுகிறது. புல்லில் போனால் பந்துக்கு முன்பே தரையில் குத்துகிறது.

பதில்: விரிப்பிலும் அப்படித்தான் குத்துகிறது. ரப்பரில் பட்ட கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. புல்லும் மண்ணும் அப்படி மன்னிப்பதில்லை.

தரையில் இருக்கும் பந்தை அயர்னால் அடிக்கும்போது கிளப் இன்னும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். வில்லின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி வர வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் அது பந்துக்கு முன்னால் ஏறக்குறைய 10 செ.மீ. வரைகூட இருக்கும், அதனால்தான் அவர்கள் பெயர்க்கும் புல் பந்து இருந்த இடத்தைத் தாண்டித் தொடங்குகிறது. உங்களுக்கு அந்தப் புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. பெரும்பாலும் எடை வலது காலிலேயே தங்கிவிடுவதும், பந்தைக் கிளப்பால் அள்ளித் தூக்க முயல்வதும்தான் காரணம். தூக்குவது முகத்தின் சாய்வு செய்யும் வேலை, உங்களுடையதல்ல.

தரையில் இலக்குக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள்; சுண்ணாம்புத் தூள் தூவினாலும் சரி. பந்து வேண்டாம். கோட்டை இரு கால்களுக்கும் நடுவே வைத்து நின்று ஸ்விங் செய்து, ஒவ்வொரு முறையும் ஓர் அடி நகர்ந்து பத்து முறை செய்யுங்கள். புல் பெயர்ந்த தடங்களைப் பாருங்கள். எல்லாம் கோட்டிலோ அதற்கு இலக்குப் பக்கமோ தொடங்கினால் நல்லது. பின்னால் தொடங்கினால், ஸ்விங் தொடங்கும் முன்பே எடையில் 60 சதவீதத்தை இடது காலில் வைத்து, அங்கேயே இருக்கும்படி அரை ஸ்விங் செய்யுங்கள். விரிப்பில் பயிற்சி செய்பவர்கள் பந்துக்கு 10 செ.மீ. பின்னால் ஒரு சிறு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். துண்டு பறந்தால் புல்லில் நிச்சயம் குத்தும்.

இதற்கும் துல்லியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கினால் சுழற்சி குறைந்து, தூரம் கணிக்க முடியாமல் போகிறது. கிரீனுக்குப் (குழி இருக்கும் மட்டப் புல்தரை) பின்னால் 15 மீட்டர் தாண்டிப் போன பந்தும் குறி தப்பிய பந்துதானே.

கேள்வி: யாரோ பயன்படுத்திய அயர்ன் செட் வாங்கினேன். வெட்ஜில் (முகம் மிகவும் சாய்ந்த, குறுந்தூர அயர்ன்) அடித்த பந்து வளையாமல் நேராகப் பறக்கிறது, ஆனால் எப்போதும் இலக்குக்கு இடப்பக்கம்தான் விழுகிறது.

பதில்: எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். உங்கள் விஷயத்தில் அம்பையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். தண்டு தரையோடு செய்யும் கோணம் உங்கள் உயரத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் பொருந்தாமல் இருக்கலாம். அடிக்கும்போது டோ மேலே தூக்கியிருந்தால், சாய்ந்த முகம் இடப்பக்கம் பார்க்கும். டோ தரையில் அழுந்தி ஹீல் தூக்கினால் வலப்பக்கம். முகச்சாய்வு அதிகமுள்ள கிளப்பில் இந்த விளைவும் அதிகம். அதனால்தான் வெட்ஜ் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

சோதனை எளிது. பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் கெட்டியாக ஒரு கோடு போட்டு, அது செங்குத்தாக முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதிந்த கோடு, முகத்தின் பள்ளவரிகளுக்குச் செங்குத்தாக இருந்தால் கோணம் சரி. கோட்டின் மேல்நுனி டோ பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்திருக்கிறது. ஹீல் பக்கம் சாய்ந்தால் அதிகம் படுத்திருக்கிறது. ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் ஆறேழு பந்துகள் பாருங்கள். கிளப் பழுதுபார்ப்பவர்கள் இதற்கான கருவியில் கழுத்தை ஓரிரு பாகை வளைத்துத் தருவார்கள். அடித்து உருவாக்கிய அயர்ன் எளிதில் வளையும். அச்சில் வார்த்தது முரண்டு பிடிக்கும், சில நேரம் உடையவும் கூடும். வீட்டில் முயற்சி வேண்டாம்.

கேள்வி: 3 மீட்டர் பட்டில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) பாதிக்குமேல் தவறுகிறது. இத்தனைக்கும் மேடு பள்ளமே இல்லாத கிரீன்.

பதில்: கிட்டத்தட்ட பாதி விழுகிறதா? அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான, அதாவது 8 அடி தூரத்தில், தொழில்முறை டூர் ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். குழியின் விட்டம் 108 மி.மீ. பந்தின் மையம் குழியின் மையத்திலிருந்து 54 மி.மீ. விலகினாலும், மெல்ல வந்தால் விழுந்துவிடும். 3 மீட்டரில் அது இரு பக்கமும் ஒரு பாகை. உருட்டும் கிளப்பான பட்டரில் பந்து கிளம்பும் திசையில் 90 சதவீதத்துக்கு மேல் முகம்தான். பாதைக்கு அங்கே பெரிய வேலையில்லை. ஆகவே பட்டரை நேர்க்கோட்டில் இழுக்க வேண்டுமா, வில்லாக இழுக்க வேண்டுமா என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முகம் பந்தைத் தொடும்போது எங்கே பார்க்கிறது என்பதை மட்டும் பழகுங்கள்.

அதற்கு ஒரு வாசல் கட்டலாம். பந்துக்கு 50 செ.மீ. முன்னால் இரண்டு டீக்களை 6 செ.மீ. இடைவெளியில் குத்துங்கள். பந்தின் விட்டம் 43 மி.மீ. என்பதால் இருபுறமும் எட்டரை மி.மீ.தான் மிச்சம். அரை மீட்டரில் அது ஏறக்குறைய அதே ஒரு பாகை. சமதளத்தில், சரியான வேகத்தில், இந்த வாசலைத் தொடாமல் கடந்த பந்து 3 மீட்டர் குழியில் விழும். பத்தில் எட்டு கடந்தால் இடைவெளியை 5 செ.மீ. ஆக்குங்கள். எப்போதும் ஒரே பக்க டீயில் இடித்தால் முகம் அந்தப் பக்கம் பார்க்கிறது. இரண்டிலும் மாறி மாறி இடித்தால், பெரும்பாலும் மணிக்கட்டு கூடுதலாக வேலை செய்கிறது.

வேகத்தை மறக்கவேண்டாம். குழியைத் தாண்டிப் போனாலும் 30 முதல் 45 செ.மீ.க்குள் நிற்கும் வேகம் போதும். அதைவிட வேகமாக அடித்தால் ஓரத்தில் பட்ட பந்து உதட்டில் சுழன்று வெளியே வந்துவிடும். கணக்கில் 108 மி.மீ. இருந்தும் குழி சுருங்கிவிடுகிறது. கண் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்: அடிக்கும் நிலையில் நின்று, மூக்கின் மேட்டிலிருந்து ஒரு பந்தை விடுங்கள். அது கீழே இருக்கும் பந்தின் மேலோ, சற்று உங்கள் பக்கமாகவோ விழ வேண்டும். அப்பால் விழுந்தால் நீங்கள் பார்க்கும் கோடே கோணல்.

கேள்வி: பந்து காலைவிட உயரமான சரிவில் இருந்தால் ஏன் இடப்பக்கம் போகிறது?

பதில்: மேலே வெட்ஜ் பற்றிச் சொன்ன அதே காரணம்தான். சரிவில் டோ தூக்கிக்கொள்வதால் முகம் இடப்பக்கம் பார்க்கிறது. கிரிப்பை இரண்டு, மூன்று செ.மீ. கீழே பிடித்து, இலக்குக்கு வலப்பக்கம் குறிவையுங்கள். வெட்ஜுக்கு அதிகமாக, நீளமான கிளப்புக்குக் குறைவாக. பந்து காலைவிடத் தாழ்வாக இருந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே முழங்காலை மடக்கிய நிலையிலேயே கடைசிவரை வைத்திருப்பது முக்கியம். நிமிர்ந்துவிட்டால் பந்தின் தலையில்தான் படும்.

கேள்வி: வாரத்துக்கு 50 பந்துதான் அடிக்க நேரமிருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்: முதல் பத்து வெட்ஜில், உடம்பு இளகுவதற்கு. அடுத்த 20 ஒரே கிளப்பில், ஒரே ஒரு திருத்தத்துக்கு. ஒவ்வோர் அடிக்கும் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: கிளம்பிய பக்கம், வளைந்த பக்கம், முகத்தில் பட்ட இடம். சும்மா "நல்லது, கெட்டது" என்று எழுதினால் அடுத்த வாரம் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கடைசி 20 பந்துகளில் ஒரே கிளப்பை இரண்டு முறை தொடர்ந்து எடுக்காதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் கிளப்பும் இலக்கும் மாறட்டும், பின்னால் போய் நின்று அடையாளம் தேடுவது உட்பட. ஆட்டத்தில் அப்படித்தானே வரும்.

எழுதிய குறிப்பிலிருந்து இன்னொரு லாபம் உண்டு. 7-ஆம் எண் அயர்னில் உங்கள் பந்துகள் இலக்குக்கு 5 மீட்டர் இடப்பக்கத்திலிருந்து 15 மீட்டர் வலப்பக்கம் வரை சிதறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சிதறலின் நடு, இலக்குக்கு 5 மீட்டர் வலப்பக்கம். இங்கே குறியை 5 மீட்டர் இடப்பக்கம் தள்ளுங்கள். பாதம், தோள், முகம் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே அளவுக்கு. முதல் கேள்வியில் கண்டித்தது முகத்தை இலக்கிலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் திருப்புவதை, இது வேறு. ஸ்விங்கைத் தொடாமலே அதிகப் பந்துகள் கிரீனில் விழும். கொடி வலது ஓரத்தில் இருந்து பக்கத்திலேயே மணல்குழியும் இருந்தால், கொடியை மறந்து கிரீனின் நடுவைப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டத்தின்போது தரையில் கிளப்பை வைத்துப் பாதத்தைச் சரிபார்த்துவிட்டு, அடிக்கும் முன் எடுத்துவிட்டால் தப்பில்லையே?

பதில்: தப்புதான். 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வரிசைக்கு உதவியாகப் பொருளைத் தரையில் வைத்து அதை ஒட்டி நின்றுவிட்டாலே தண்டனை. பிறகு விலகி எடுத்துவிட்டாலும் போகாது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் (அடி) கூடும், குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போய்விடும். பந்தின் மேல் கோடு போட்டு அதை இலக்குக்கு நேராக வைத்துக்கொள்ள மட்டும் தடையில்லை.